வல்வில் ஓரியின் மண்ணில் மெல்லிய வில்: பிள்ளைகளின் முதல் வில்லைச் சீரமைப்பது எப்படி?

சேலம், நாமக்கல் பகுதியில் பிறந்து வளர்ந்த நமக்கு வில் என்றதும் நினைவுக்கு வருபவர் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. அவர் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றின் 152ஆம் பாடல் சொல்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கொல்லிமலை செம்மேட்டில் அரசு சார்பில் நடைபெறும் வல்வில் ஓரி விழாவில் இன்றும் வில்வித்தைப் போட்டி உண்டு. அந்தப் போட்டியைப் பார்த்துவிட்டு, 'எனக்கும் ஒரு வில் வாங்கித் தாருங்கள் அத்தா' என்று கேட்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

வில்வித்தை நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டுக் கொண்டிருந்தபோது அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள் அவர்களை ஊக்கப்படுத்திய செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. இஸ்தான்புல் நகரில் உஸ்மானியர்கள் அம்பெய்து பழகிய திடல் இருந்த பகுதி இன்றும் 'ஒக்மெய்தானி', அதாவது அம்புத் திடல், என்றே அழைக்கப்படுகிறது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தனிநபர் பிரிவில் தங்கம் வென்றவர் துருக்கியின் மெத்தே கசோஸ். அவர் வென்றது 'ரிகர்வ்' வில்லில்தான். நுனிகள் முன்பக்கம் வளைந்திருக்கும் இந்த வில்லைக் கொண்டே ஒலிம்பிக் வில்வித்தை நடத்தப்படுகிறது. நம் நாட்டின் தேசியப் போட்டிகளில் மூங்கில் வில்லுக்கென 'இந்தியன் ரவுண்ட்' என்ற தனிப் பிரிவு உண்டு. அதைத் தாண்டிச் செல்ல விரும்பும் பிள்ளைகள் ரிகர்வ் வில்லுக்கு வருகிறார்கள்.

ஆர்வமாக வாங்கிக் கொடுத்த வில் மூன்றே மாதத்தில் பரண்மேல் போய்விடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. 'குறி விழவே இல்லை, இவனுக்கு இது வராது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் பெரும்பாலும் தவறு பிள்ளையிடம் இல்லை. வில் அவன் உடலுக்குப் பொருந்தவில்லை, அல்லது வில்லுக்கு அம்பு பொருந்தவில்லை. இரண்டையும் வீட்டிலேயே, ஓர் அளவுகோலும் கொஞ்சம் நூலும் பொறுமையும் இருந்தால் சரிசெய்யலாம். அதற்கான வழிகளை வரிசையாகப் பார்ப்போம்.

வலிமையான வில் வேண்டாம்

'வளரும் பையன்தானே, கொஞ்சம் பலமான வில்லாக வாங்கினால் பல வருடம் வரும்' என்பது செருப்பு வாங்கும் கணக்கு. வில்லுக்கு அது பொருந்தாது. தன் பலத்துக்கு மீறிய வில்லை இழுக்கும் பிள்ளை, தோளைத் தூக்கி, முதுகை வளைத்து, வில்லை வானத்தை நோக்கி உயர்த்தி இழுக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கம் பின்னால் போகாது. தோள் மூட்டும் பழுதாகும்.

வில்லின் பலத்தைப் பவுண்டில் குறிப்பார்கள். லிம்ப் எனப்படும் வளையும் பாகத்தில் 18, 20 என்று எழுதியிருக்கும். அது, 28 அங்குலம் இழுக்கும்போது கைக்கு வரும் பாரம். நம் பிள்ளை அவ்வளவு இழுக்க மாட்டான். அவன் எவ்வளவு இழுப்பான் என்பதை அறிய எளிய கணக்கு உண்டு. இரு கைகளையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அதை இரண்டரையால் வகுக்க வேண்டும். 145 சென்டிமீட்டர் வந்தால் இழுப்பு 58 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 23 அங்குலம்.

28க்குக் குறையும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் இத்தகைய மெல்லிய வில்லில் ஒரு பவுண்டோ அதற்குச் சற்று மேலோ பாரம் குறையும். ஆகவே 18 பவுண்டு என எழுதிய வில், 23 அங்குலம் இழுக்கும் பிள்ளைக்கு 12 பவுண்டு அளவில்தான் இருக்கும். 11, 12 வயதுப் பிள்ளைக்குத் தொடக்கத்தில் அது போதும். சரியான எடைதானா என்று அறிய, நாணை முழுவதும் இழுத்து ஆறேழு விநாடி நடுங்காமல் நிற்கச் சொல்லுங்கள். பிறகு நாணை விட்டுவிடாமல் மெதுவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்ய முடியவில்லை என்றால் வில் கனம், குறைத்தே ஆக வேண்டும்.

வாங்கும்போதே லிம்ப்களைக் கழற்றி மாற்றும் வகை வில்லாக வாங்குவது நல்லது. பிள்ளை வளரும்போது நடுவிலுள்ள கைப்பிடிப் பாகமான ரைசரை வைத்துக்கொண்டு, இரண்டு அல்லது நான்கு பவுண்டு கூடுதலான லிம்ப்களை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வலக்கைக்காரர் வில்லை இடக்கைக்காரர் திருப்பிப் பிடித்துப் பயன்படுத்த முடியாது, அம்பு அமரும் மேடை ஒரு பக்கத்தில்தான் இருக்கும். எந்தக் கை என்பதை முடிவு செய்யும் முன் எந்தக் கண் முந்துகிறது என்று பாருங்கள். இரு கைகளையும் நீட்டி உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு துளை விட்டு, அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்க்கச் சொல்லி, கண்களை மாறி மாறி மூடச் செய்யுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள் தெரிகிறதோ அதுவே முந்தும் கண். வலக்கண் என்றால் வலக்கையால் நாண் இழுப்பது நல்லது.

நாணும் வில்லும்

நாணைக் காலால் மிதித்து வளைத்துப் பூட்டக் கூடாது. லிம்ப் முறுக்கிக்கொள்ளும், நழுவினால் முகத்தில் அடிக்கும். இதற்கென இரு முனைகளிலும் உறை வைத்த கயிறு கிடைக்கும், அதையே பயன்படுத்துங்கள்.

நாண் பூட்டியதும் வில்லை நிறுத்திப் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். மேல் லிம்ப், ரைசர், கீழ் லிம்ப் மூன்றின் நடுவிலும் நாண் நேர்க்கோடாக ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கி ஓடினால் லிம்ப் சரியாக அமரவில்லை, அல்லது முறுக்கியிருக்கிறது. கழற்றி மாட்டிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் கடையில் மாற்றிக்கொள்ள வேண்டும். முறுக்கிய லிம்ப்பை வைத்து எந்தச் சீரமைப்பும் செய்ய முடியாது.

அடுத்தது நாண் உயரம். கைப்பிடியின் குழிந்த இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம் இது. 62, 64 அங்குல வில்லுக்குப் பொதுவாக ஏழரை முதல் எட்டேகால் அங்குலம் வரை இருக்கும். வில்லுடன் வந்த தாளில் அளவு தந்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். நாணை முறுக்கினால் அது குட்டையாகி உயரம் கூடும், முறுக்கைத் தளர்த்தினால் உயரம் குறையும். குறைந்த அளவில் தொடங்கி, கால் கால் அங்குலமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஆறு அம்பு எய்து சத்தத்தைக் கேளுங்கள். ஓர் அளவில் 'டங்' என்ற அதிர்வு குறைந்து, வில் அமைதியாக இருக்கும். அதுதான் அந்த வில்லுக்குரிய உயரம். குறித்து வையுங்கள். புது நாண் சில நாள் நீளும், எனவே ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் ஒருமுறை அளப்பது அவசியம்.

அம்பு மாட்டும் இடம்

நாணில் அம்பை மாட்டும் இடம் ஒரே இடமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை சென்டிமீட்டர் மேலும் கீழும் மாட்டினால், எவ்வளவு நன்றாக எய்தாலும் அம்பு ஒரே இடத்தில் விழாது.

இந்த இடத்தைக் குறிக்க, நாணில் மாட்டி அளக்கும் டி வடிவ அளவுகோல் உண்டு. அம்பு அமரும் தாங்கியிலிருந்து நாணுக்குச் செங்கோணமாகக் கோடு பிடித்து, அதற்குக் கால் அங்குலம் மேலே அம்பின் அடிப்பக்கம் வருமாறு தொடங்குங்கள். அதன் மேலும் கீழும் நூலைச் சுற்றிச் சிறு முடிச்சுகள் போட வேண்டும். பித்தளை வளையமும் உண்டு. ஆனால் நூல் முடிச்சை இப்படியும் அப்படியும் திருகி நகர்த்தலாம் என்பதால் சீரமைக்கும் காலத்தில் நூலே வசதி. தறி ஓடும் நம் ஊர்களில் உறுதியான நைலான் நூலுக்குப் பஞ்சமில்லை. இடம் உறுதியான பிறகு ஒரு சொட்டுப் பசை வைத்துவிடலாம்.

அம்பின் பின்முனைப் பிளவுக்கு 'நாக்' என்று பெயர். அது நாணை எப்படிப் பிடிக்கிறது என்பதும் முக்கியம். அம்பை நாணில் மாட்டித் தொங்கவிட்டால் விழாமல் நிற்க வேண்டும், நாணை விரலால் தட்டினால் கழன்று விழ வேண்டும். மெல்லிய வில்லில் நாக் இறுக்கமாக இருந்தால், இருக்கும் கொஞ்ச வேகமும் அங்கேயே போய்விடும்.

மூன்று இறகுகளில் ஒன்று தனி நிறத்தில் இருக்கும். அந்த இறகு வில்லுக்கு எதிர்ப்புறம், வெளியே பார்க்க வேண்டும். இதை மாற்றி மாட்டுவதாலேயே அம்பு கோணலாகப் பறப்பது உண்டு.

நடுக்கோடு

வில்லை நிறுத்தி அம்பை மாட்டிப் பின்னாலிருந்து பாருங்கள். நாண் ரைசரின் நடுவில் தெரியும்படி நிற்கும்போது, வலக்கைக்காரருக்கு அம்பின் முனை நாணுக்குச் சற்று இடப்புறம் தெரிய வேண்டும். அம்பின் பருமனில் பாதி அளவு வெளியே இருந்தால் போதும். ஒட்டும் வகைப் பிளாஸ்டிக் தாங்கி என்றால், அதன் பின்னால் இருபக்க டேப் ஒன்றிரண்டு அடுக்கு வைத்து அம்பை வெளியே தள்ளலாம். விலை உயர்ந்த ஸ்பிரிங் பட்டன் இப்போதைக்குத் தேவையில்லை. எய்யும் முறை நிலைப்பட்ட பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அம்பு வளைய வேண்டும்

பலருக்கும் வியப்பாக இருக்கும் செய்தி இது. எய்த அம்பு நேராகப் போவதில்லை. நாண் தள்ளும் வேகத்தில் அது வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு, மீன் நீந்துவதுபோல் நெளிந்து பறந்து பிறகு நேராகிறது. ஆகவே வில்லின் பலத்துக்கேற்ப வளையும் அம்பு வேண்டும். பெரியவர்களின் அம்பைப் பிள்ளையின் வில்லில் வைத்தால் அது வளையாது, ரைசரில் உரசிக்கொண்டு ஒதுங்கிப் போகும்.

வளையும் தன்மைக்கு 'ஸ்பைன்' என்ற எண் உண்டு. 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள் மேல் அம்பை வைத்து, நடுவில் சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எத்தனை அங்குலம் தாழ்கிறது என்பதே கணக்கு. ஓர் அங்குலம் தாழ்ந்தால் 1000, அரை அங்குலம் என்றால் 500. எண் கூடினால் அம்பு மெத்தென்று வளையும். நாம் பேசும் வில்லுக்கு 1000 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணே ஏற்றது. அலுமினிய அம்பில் 1416 என்பதுபோல எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கம், பருமன் அங்குலத்தில் 64இல் 14 பங்கு என்பதைக் காட்டும். அடுத்த இரண்டு, குழாய்ச் சுவரின் தடிப்பு அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு என்பதைக் காட்டும்.

அம்பின் நீளத்தில் சிக்கனம் கூடாது. நாணை முழுவதும் இழுத்த நிலையிலும் அம்பு முனை தாங்கியைத் தாண்டி இரண்டு அங்குலமாவது முன்னால் இருக்க வேண்டும். குட்டை அம்பு தாங்கியிலிருந்து பின்னே நழுவினால், அடுத்த நொடி அது பிள்ளையின் கையைத் துளைக்கும். மத்ரஸாவிலோ பள்ளியிலோ ஒரே வில்லைப் பல பிள்ளைகள் பயன்படுத்தலாம், அம்பு மட்டும் ஒவ்வொரு பிள்ளையின் இழுப்புக்கும் தக்கதாகத் தனியே இருக்க வேண்டும்.

இறகில்லா அம்புச் சோதனை

இதுவரை செய்தது அடிப்படை. இனி அம்பு நமக்குச் சொல்லும் விடையைப் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், மெல்லிய வில்லின் அம்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே உள்ள நம் சமவெளியில் பகல் ஏற ஏறக் காற்றும் வெயிலும் கூடும். ஃபஜ்ருக்குப் பின், காற்று எழும் முன் உள்ள நேரமே சோதனைக்கு ஏற்றது.

ஒரே மாதிரியான நான்கு அம்புகளில் ஒன்றின் இறகுகளை நீக்கிவிட்டு, எடை சமமாக அதே இடத்தில் சிறிது டேப் சுற்றுங்கள். எட்டு அல்லது பத்து மீட்டர் தூரத்தில், இறகுள்ள மூன்றையும் இறகில்லாத ஒன்றையும் ஒரே புள்ளியைக் குறிவைத்து எய்யச் சொல்லுங்கள். இறகுள்ள அம்பு தவறைப் பறக்கும்போதே திருத்திக்கொள்ளும். இறகில்லாதது திருத்திக்கொள்ளாது, உள்ளதை உள்ளபடி காட்டும்.

முதலில் மேல் கீழைப் பாருங்கள். இறகில்லா அம்பு மற்றவற்றுக்கு மேலே விழுந்தால் நாணில் அம்பு மாட்டும் இடம் தாழ்வாக உள்ளது, முடிச்சை மேலே ஏற்ற வேண்டும். கீழே விழுந்தால் இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தாதீர்கள்.

அது சரியான பிறகே இடம் வலம். வலக்கைக்காரருக்கு இறகில்லா அம்பு இடப்புறம் விழுந்தால் அம்பு விறைப்பாக உள்ளது, வலப்புறம் விழுந்தால் அதிகம் வளைகிறது. இடக்கைக்காரருக்கு இது மாறும். மெல்லிய வில்லில் பெரும்பாலும் வருவது விறைப்புக் கோளாறுதான். அதற்குக் கனமான முனை போடலாம், அல்லது இன்னும் நீளமான அம்பு, அல்லது அதிக எண் கொண்ட அம்பு வாங்கலாம். இதற்காக வில்லின் பவுண்டைக் கூட்டுவது கூடவே கூடாது. வில்லுக்கேற்ப அம்பை மாற்றலாம், அம்புக்காகப் பிள்ளையின் தோளைப் பணயம் வைக்கலாமா?

அதிகம் வளைகிறது என்றால் முனையின் எடையைக் குறைக்கலாம், அல்லது அம்பைக் கால் அங்குலம் வெட்டலாம். மேலே சொன்ன பாதுகாப்பு நீளத்துக்குக் கீழே போகக் கூடாது.

அம்பு ரைசரில் உரசுகிறதா என்று சந்தேகம் வந்தால், தாங்கியின் மீதும் பக்கத்திலும் முகப் பவுடரைத் தூவி ஓர் அம்பு எய்து பாருங்கள். பவுடரில் கோடு விழுந்திருந்தால் உரசுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூன்று அம்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிள்ளையின் கை இன்னும் நிலைப்படவில்லை, நாணை விடும் விரல் ஒரு நாள் போல் மறுநாள் இருக்காது. இறகுள்ள அம்புகளே இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தால் சோதனையை நிறுத்திவிட்டு, ஐந்து மீட்டரில் எய்யும் முறையைப் பழக்குங்கள். நான்கைந்து சுற்றிலும் ஒரே பக்கம் காட்டினால் மட்டும் மாற்றம் செய்யுங்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். நாண் உயரம், முடிச்சின் இடம், அம்பின் நீளம், முனையின் எடை எல்லாவற்றையும் தேதியுடன் ஒரு நோட்டில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இழுப்பு நீளத்தை மீண்டும் அளந்து அம்பின் நீளத்தைச் சரிபாருங்கள். வளரும் பிள்ளைக்கு அது மாறிக்கொண்டே இருக்கும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம்

12 பவுண்டு வில்லும் விளையாட்டுப் பொருள் அல்ல, அதன் அம்பு உடலைத் துளைக்கும். இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடோ சுவரோ இருக்க வேண்டும். தெரு, வரப்பு, ஆடுமாடு மேயும் இடம் பக்கத்தில் கூடாது. இறுக்கிக் கட்டிய வைக்கோல் இலக்கு நல்லது. போட்டிகளில் உள்ள விசில் முறையை முதல் நாளே பழக்குங்கள்: இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வர வேண்டும், ஒன்று என்றால் எய்யலாம், மூன்று என்றால் எல்லோரும் சேர்ந்து அம்பு எடுக்கச் செல்லலாம்.

அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை லிம்ப்பிலேயே தங்கி அதைப் பிளந்துவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை வைத்தாலும் பசை இளகி லிம்ப் பிரியும். கார்பன் அம்பை ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் காதருகே மெல்ல வளைத்துப் பாருங்கள். விரிசல் சத்தம் கேட்டால் உடைத்துப் போட்டுவிட வேண்டும்.

நம் பெண்பிள்ளைகள் ஹிஜாபுடன் தாராளமாக எய்யலாம். முந்தானையை உள்ளே செருகிப் பின் குத்த வேண்டும், தொளதொளப்பான கையைக் கைக்காப்புக்குள் அடக்க வேண்டும். நாண் செல்லும் வழியில் துணி தொங்கினால் அம்பு விலகும், நாண் துணியையும் இழுக்கும். ஆண்பிள்ளைகளின் ஜிப்பாவுக்கும் இதே விதிதான். விரல் தோலும் கைக்காப்பும் இருவருக்கும் கட்டாயம்.

பள்ளிவாசல் வழியாகவோ கடைத்தெரு வழியாகவோ அம்புகளுடன் செல்பவர், யாருக்கும் காயம் ஏற்படாதவாறு அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழி புகாரியில் உள்ளது. அம்பெய்ய ஊக்கப்படுத்திய மார்க்கம், அம்பை எடுத்துச் செல்லும் ஒழுக்கத்தையும் சேர்த்தே கற்றுத் தந்திருக்கிறது. பயிற்சிக்குப் போகும் வழியில் பிள்ளையின் அம்புகள் கூட்டுக்குள் மூடியிருக்கின்றனவா என்று பார்ப்பதும் நம் பொறுப்பு.

அடுத்த ஆடியில் செம்மேட்டுப் போட்டியைக் காணப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். வலிமையான வில் வரும் காலத்தில் வரட்டும். இப்போது கையிலிருக்கும் மெல்லிய வில் அவனுக்கும் அவளுக்கும் பொருந்தி நிற்கட்டும். பொருந்திய வில்லை எந்தப் பிள்ளையும் பரணில் போடாது, இன்ஷா அல்லாஹ்.